திரும்பிப் போன வாக்காளர்கள்

இங்கிலாந்தின் பாராளுமன்றத் தேர்தலைக் கண்காணிக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கிளின்ரனுக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

"எங்கட ஊரை எத்தினை வெள்ளைக்காரர் வந்து கண்காணிச்சிட்டுப் போனவை, அக்கா," என்றான், காரின் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி. "ஒரு தொப்பி, ஒரு ஜீப், ஒரு கொடி. எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போனவை. போனவை போனவைதான். இப்ப கானாவில இருந்து ஒரு அம்மா வந்து, இவையின்ர வோட்டுப் பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்து, காலியோ எண்டு கேக்கிறா. இதைக் காட்டத்தான் கர்த்தர் என்னை உயிரோட வச்சிருக்கிறார்."

"உன்னை உயிரோட வெச்சதுக்குக் கர்த்தர் வேற காரணமும் வெச்சிருப்பார். பொறுமையாத் தேடலாம்," என்றாள் சுலோச்சனா.

சுலோச்சனா திருச்சிக்காரி. நெற்றியில் திருநீறு, தோளில் துணிப்பை, கண்ணில் எதையும் அவசரப்பட்டு நம்பாத ஒரு நிதானம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். காணாமல் போன மாப்பிள்ளைகளையும் காணாமல் போக முயலும் மாப்பிள்ளைகளையும் கண்டுபிடிப்பதுதான் அங்கே அன்றாடத் தொழில். கிளின்ரன் அவளுடைய உதவியாளன், சாரதி, ஓயாத வாய். யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்து, லண்டனில் மினிகேப் ஓட்டி, பயணிகளின் கதைகளைக் கேட்டுக் கேட்டே பாதித் துப்பறிவாளனாக ஆனவன்.

தேர்தல் பார்வையாளர் குழு சுலோச்சனாவை அழைத்தது மொழிபெயர்ப்பாளராக. அந்தக் குழுவின் மிஸஸ் அபெனா மென்சா இப்போது காரின் பின்சீட்டில் நீல அங்கியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் நாடான கானாவில் தேர்தல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீதிக்கு அப்பால் நின்ற ஒரு மனிதரையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலிருந்து அவர் அந்தக் கேட்டை விட்டு நகரவில்லை," என்றார் ஆங்கிலத்தில். "சட்டையில் எந்தக் கட்சியின் ரிப்பனும் இல்லை. சிலர் வந்தால் தலையசைத்து உள்ளே விடுகிறார். சிலர் வந்தால் தோளில் கை வைத்துக் காதில் ஏதோ சொல்கிறார். அவர்கள் முகம் வெளுத்து, வாக்குப் போடாமலே திரும்பிப் போகிறார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே போனாள்."

"நீங்கள் அவரைக் கேட்டீர்களா?" என்றாள் சுலோச்சனா.

"கேட்டேன். குடும்ப விஷயம் என்றார்."

கிளின்ரன் மெல்ல விசிலடித்தான். "குடும்ப விசயம். இத்தாலிப் பக்கம் பெரிய பெரிய மாஃபியா ஆக்களும் இதைத்தான் சொல்லுறவை அக்கா."

மிஸஸ் மென்சாவுக்குத் தமிழ் புரியவில்லை; விசில் புரிந்தது. "ஐந்து மணிக்கு நான் குழுத் தலைவருக்கு அறிக்கை சொல்ல வேண்டும். வாக்காளர்களை மிரட்டுகிறார் என்று சொன்னால் போலீஸ் வரும். மிரட்டாதவர் என்றால் ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்த பாவம் எனக்கு. மிரட்டுகிறவர்தான் என்றால் சொல்லாமல் விட்ட பாவமும் எனக்கு. இரண்டில் எந்தப் பாவம் என்று தெரிந்தால் போதும்."

பாவத்துக்குப் பயப்படுகிற அதிகாரியைச் சுலோச்சனா பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தக் கணமே அவளுக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது.

அவர்கள் நின்றது ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில், ஒரு பிள்ளையார் கோயிலுக்கு எதிரே. முன்னொரு காலத்தில் பில்லியர்ட்ஸ் விளையாடுகிறவர்களின் கிளப்பாக இருந்த கட்டடம். பிள்ளையார் வந்த பிறகும் கூரையில் பழைய பெயர்ப்பலகையின் ஆணிகள் மிச்சம் இருந்தன. கோயிலுக்குப் பக்கத்தில் அதே வளவுக்குள் கலியாண மண்டபம். வழக்கமாக வாக்களிக்கும் பள்ளிக்கூடத்தில் கூரை வேலை நடந்ததால் இந்தத் தேர்தலுக்குக் கவுன்சில் அந்த மண்டபத்தை எடுத்திருந்தது. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் ஒரே கேட்.

கேட்டின் இரு பக்கமும் இரண்டு மடக்குக் கதிரைகள். ஒன்றில் முகுந்த், ஒரு கட்சியின் ரிப்பனோடு. மற்றதில் அஞ்சலீனா, எதிர்க்கட்சியின் ரிப்பனோடு. நடுவில் ஒரு மிக்சர் பைக்கற்று. இருவருடைய கைகளும் அதற்குள் போய் வந்துகொண்டிருந்தன.

"எங்கட ஆக்கள்தான் அக்கா திரும்பிப் போகினம்," என்று முகுந்த் முறையிட்டான். "நான் வீடு வீடாப் போய்க் கதவு தட்டினது முழுக்க வீண். இது அவையின்ர வேலை."

"நம்பாதேங்கோ," என்றாள் அஞ்சலீனா. "போனது முழுக்க எங்கட வோட். ரதீசன் அண்ணையின்ர கொத்துரொட்டிக் கடையில எங்கட போஸ்டர் இருக்குது."

"எங்கட போஸ்டரும் அதே கண்ணாடியிலதான் இருக்குது."

"அவர் வியாபாரி," என்று கிளின்ரன் சமாதானம் செய்தான். "ஆர் வெண்டாலும் பசிக்கும்தானே."

"கிளின்ரன் அண்ணை, நீங்களும் இந்த ஏரியாதானே. போட்டாச்சோ?"

"என்ர வோட்டை ஆருக்கும் குடுக்கிற எண்ணமில்லை, பிள்ளை. பத்திரமா வீட்டில வச்சிருக்கிறன்."

சுலோச்சனா அவனைத் தள்ளி அழைத்துப் போனாள். "ரெண்டு கட்சியும் தங்க ஓட்டுதான் போகுதுங்குது. ஒருத்தர் பொய் சொல்லணும். இல்லேன்னா ரெண்டு பேரும் உண்மை சொல்லணும்."

"அரசியலில ரெண்டு பேரும் உண்மை சொல்லுறதோ? பைபிளிலயே இல்லை அக்கா."

"ஒரே பாக்கெட்டுல கை விட்டுச் சாப்பிடுறாங்க. பொய் சொல்றவங்க மிக்சரைப் பங்கு போட மாட்டாங்க. அப்போ இது கட்சி விஷயம் இல்ல."

அப்போது ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. பேச்சில் வந்த ரதீசனே இறங்கினான். கூடவே மனைவியும், கடையில் வேலை செய்யும் இரண்டு பேரும். கேட்டில் நின்றவர் வேலைக்காரர் இருவருக்கும் தலையசைத்தார். அவர்கள் உள்ளே போனார்கள். ரதீசனின் தோளில் கை வைத்தார். குனிந்து ஏதோ சொன்னார். ரதீசன் அப்படியே நின்றான். பிறகு அந்த மனிதருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்தினாள். இருவரும் திரும்பி வானில் ஏறினார்கள்.

"பாத்தியா?" என்றாள் சுலோச்சனா. "மிரட்டுறவன் கையை எவனாவது ரெண்டு கையாலயும் பிடிப்பானா? வண்டியை எடு." மிஸஸ் மென்சா கேட்டைக் கண்காணிக்க அங்கேயே இறங்கி நின்றுகொண்டார்.

துப்பறியும் கதைகளில் கார்கள் பறக்கும். ரோம்ஃபர்ட் ரோட்டில் பறந்தால் கமரா படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பி வைக்கும். ஆகவே வெள்ளை வான் இருபது மைல் வேகத்தில் ஓட, கிளின்ரன் இருபது மைல் வேகத்தில் துரத்த, இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள்காரர் இருவரையும் ஏசிக்கொண்டே போனார்.

வான் ஒரு பலசரக்குக் கடைமுன் நின்றது. ரதீசன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். வெளியே வரும்போது கையில் வாழைக்காயும் கத்தரிக்காயும் இருந்தன. அவன் போனதும் இவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

கடைக்காரி மரியநாயகி பெட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஆட்டிறைச்சி, தம்பி. இரவு எலக்சன் பார்க்கிற சனத்துக்குக் கொத்துப் போட எண்டு காலமைதான் எடுத்தவர். இப்ப திருப்பித் தந்திட்டுப் போறார். வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறது என்ர வழக்கமில்லை. ஆனா அந்த மனுசன்ர முகத்தைப் பார்த்திட்டு என்னால வாய் திறக்க ஏலாமப் போச்சு."

"வேற யாராவது இப்படி வந்தாங்களா?" என்று சுலோச்சனா கேட்டாள்.

"ஓம் பிள்ளை. இண்டைக்கு மீனும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம், மரக்கறி தாங்கோ எண்டு கொஞ்சச் சனம். வெள்ளிக்கிழமையும் இல்லை, ஒரு விரதமும் இல்லை."

"வாக்குப் போடாமல் திரும்பி வந்து கத்தரிக்காய் வாங்குகிறார்கள்," என்று வெளியே வந்ததும் கிளின்ரன் மேடைப் பேச்சாளனைப் போலக் குரலை உயர்த்தினான். "சைவச் சாப்பாட்டுக் கட்சி ஒன்று இரகசியமாக ஆட்சியைப் பிடிக்கப் போகிறது." பிறகு குரலை இறக்கி, "எனக்கு விளங்கேல்லை அக்கா," என்றான்.

ரதீசனின் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மேல்மாடியில் வீடு. மணியடித்ததும் ரதீசனே கதவைத் திறந்தான். நட்ட நடு மத்தியானத்தில் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் மனைவியின் கூந்தலும் ஈரம்.

இந்த ரதீசன் கிளின்ரனைக் கண்டால் வீதியின் மறுகரையிலிருந்தே கூப்பிடுகிறவன்; வேண்டாம் வேண்டாம் என்றாலும் இரண்டு ரோல்ஸை பொக்கெற்றுக்குள் திணிக்கிறவன். இன்று கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

"ரதீசன் அண்ணை, கோயில் கேட்டில நிக்கிறவர் உங்களை வெருட்டினவரோ?" என்றான் கிளின்ரன்.

"ஆர், இராஜேந்திரன் அண்ணையோ? அந்த மனுசன் எறும்பைக் கண்டாலும் விலத்தி வழி விடும்."

"அப்ப என்ன சொன்னவர்?"

"அதை அவரிட்டைத்தான் கேக்கவேணும். நான் வாய் திறக்கமாட்டன் எண்டு சொல்லிட்டன், தம்பி. குறை நினையாதேங்கோ."

மேலும் இரண்டு கேள்வி கேட்கக் கிளின்ரன் மூச்சு இழுத்தான். சுலோச்சனா ஒன்றும் பேசவில்லை. கை கூப்பினாள். ரதீசனும் கூப்பினான். அவள் திரும்பிப் படியில் இறங்கிவிட்டாள்.

காரில் ஏறியதும் கிளின்ரன் வெடித்தான். "தேத்தண்ணி வேண்டாம் அக்கா, வாங்கோ எண்டு ஒரு சொல்லு? வாசலில கடன்காரரை மாதிரி நிப்பாட்டி வச்சிட்டான். நீங்களும் போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. ரெண்டு பேருக்கும் இண்டைக்கு மரியாதை துப்பரவாக் குறைஞ்சு போச்சு."

"அவர் வாங்கன்னு சொல்லலை. அதனாலதான் நானும் போயிட்டு வர்றேன்னு சொல்லலை."

கிளின்ரன் சாவியைத் திருகப் போனவன் நிறுத்தினான். ஈரத்தலை. இறைச்சி வேண்டாம். வருகிறவரை வாங்கோ என்று சொல்லாத வாசல். போகிறவர் வாறன் என்று சொல்லக் கூடாத வாசல். கத்தோலிக்கன்தான், ஆனாலும் பாஷையூரில் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கத்தோலிக்கர் இல்லையே.

"செத்த வீடு," என்றான் மெதுவாக.

"ஆமா. எங்க ஊர்ல தீட்டுன்னு சொல்வோம். நீங்க என்ன சொல்வீங்க?"

"துடக்கு."

"துடக்குக்காரங்க கோயில் வளவுக்குள்ள போகமாட்டாங்க. மண்டபமும் அதே வளவு, அதே கேட். சொந்தக்காரங்க திரும்பிப் போறாங்க, கடைப் பையனுங்க உள்ள போறாங்க. சரி, கேட்டுக்குப் போகலாம். வழியில கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வா. இன்னைக்கு மட்டும்."

இராஜேந்திரன் அதே இடத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை வெயிலில் முதுகோடு ஒட்டியிருந்தது. தாடை மழிக்கப்படவில்லை. சுலோச்சனா அவருக்கு எதிரே போகவில்லை. பக்கத்தில் போய், அவர் பார்க்கும் பக்கமே தானும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்போ நடந்துச்சு அண்ணே?"

"காலமை. ஊரில. என்ர பெரியண்ணை. நித்திரையிலேயே போயிட்டார்."

கிளின்ரனுக்கு வழக்கு முடிந்துவிட்டது. துக்கத்தில் இருக்கிற மனிதர், உறவுக்காரருக்குச் செய்தி சொல்கிறார், அவர்கள் துடக்கோடு கோயில் வளவுக்குள் போகாமல் திரும்புகிறார்கள். துடக்கை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் இனி மிஸஸ் மென்சாவின் கஷ்டம்.

சுலோச்சனாவுக்கு வழக்கு முடியவில்லை. "அண்ணே, உங்க குடும்பத்துக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கிளின்ரனே வெட்கப்பட்டான். "யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குக் குரூப் இல்லாமலோ அக்கா? காலமை எழும்பினா ரோசாப்பூவும் வணக்கமும் ஆஸ்திரேலியாவில இருந்து தொடங்கும்."

"அதைத்தான் கேக்கிறேன். ஒரு மெசேஜ் போட்டா எல்லாரும் வீட்டுலேயே நின்னிருப்பாங்க. இவர் ஏன் வெயில்ல நின்னு, ஒவ்வொருத்தர் காதுலயா சொல்றார்? அண்ணே, அந்தக் குரூப்புல இருக்கிற யாருக்குத் தெரியக் கூடாது?"

இராஜேந்திரனின் கண்கள் மண்டபக் கதவு வரைக்கும் ஒரு முறை போய்விட்டுத் திரும்பின.

"உள்ள யாரு இருக்காங்க?"

"என்ர மனுசி," என்று மனைவியைச் சொன்னார். "கனகாம்பிகை. வோட் போட வாறவையின்ர பேர் பதியிற வேலை. விடிய வெள்ளனவே வந்திட்டா. அவ வெளிக்கிட்ட பிறகுதான் ஊரில இருந்து கோல் வந்தது. ஒருத்தரும் குரூப்பில போடவேண்டாமெண்டு நான்தான் ஊரில இருக்கிறவையை மறிச்சனான். இஞ்ச வீடு வீடாப் போன் எடுத்தா ஆரும் அவசரப்பட்டு அதில போட்டிடுவினம் எண்டு பயம். சாப்பாட்டு நேரத்தில போனைத் திறந்து பார்ப்பாவெல்லோ."

மிஸஸ் மென்சா இதற்குள் அருகே வந்திருந்தார். சுலோச்சனா தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தபடியே இருந்தாள்.

"பெரியண்ணை அவளுக்குத் தகப்பன் மாதிரி. சொன்னா அந்த நிமிசமே எழும்பிடுவாள். எழும்ப விட எனக்கு மனம் வரேல்லை, பிள்ளை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து அவளை ஆரோ ஒரு ஆள் மேசைக்கு அங்கால இருந்து பேர் என்ன எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவை. எயார்போட்டில, ஹோம் ஒபிசில, பெனிபிட் ஒபிசில. ஒவ்வொரு தரமும் குனிஞ்சு கொண்டுதான் சொல்லுவாள். இண்டைக்குத்தான் முதல்முதலா மேசைக்கு அங்காலப் பக்கம் அவள் இருக்கிறாள். பேர் கேக்கிறது அவள். ஒரு நாள், ஒரேயொரு நாள் முழுசா இருந்திட்டு வரட்டும் எண்டு நினைச்சன்."

"அதுக்கு ஏன் சனத்தை மறிச்சனீங்கள் அண்ணை?" என்றான் கிளின்ரன். அவனுடைய குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"எங்கட சொந்தம் உள்ளுக்குப் போனா அவளைக் கண்டதும் கட்டிப் பிடிச்சு ஒப்பாரி வச்சிடுவினம். எங்கட சனத்துக்கு மெல்லமா அழத் தெரியாது தம்பி. கொஞ்சப்பேர் துடக்கெண்டு தாங்களாவே போயிட்டினம். நாங்கள் பின்னேரம் வாறம் எண்டு சொன்னவையையும் நான் விடேல்லை. உள்ளுக்குப் போகாதேங்கோ எண்டு சொன்னது உண்மை."

"அப்படியானால் நான் பார்த்தது சரி," என்றார் மிஸஸ் மென்சா. "இவர் வாக்காளர்களைத் தடுத்திருக்கிறார்."

"தடுத்திருக்கிறார்," என்றாள் சுலோச்சனா.

காலையில் இருந்த சந்தேகம் பொய்யாகி, மத்தியானம் உண்மையாகிப் போனது. துப்பு துலங்கினால் குற்றவாளி பிடிபடுவான் என்பது வழக்கம். இங்கே துப்பு துலங்கியது. பிடிபட்டவரைப் பார்க்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. நல்ல மனதுக்கு இருக்கிற ஆபத்து இதுதான். அது ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, பின்னால் யாருடைய காலை மிதித்தது என்று கவனிப்பதில்லை.

இராஜேந்திரனுக்கு ஆங்கிலம் புரிந்திருந்தது. "பொலிசைக் கூப்பிடுங்கோ. நான் மறுக்கேல்லை," என்றார். "ஆனா இந்தக் கதவால பார்த்தா அவளுக்குத் தெரியும். அந்த மூலைக்கு நடந்து வாறன். அங்க வச்சுக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

மிஸஸ் மென்சா தன் பையைத் திறந்தார். கிளின்ரன் தொலைபேசி வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது ஒரு தண்ணீர்ப் போத்தல்.

"எங்கள் பக்கத்தில், வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். பிறகுதான் என்ன செய்தி என்று கேட்போம்," என்றார். "நான் காலையில் தண்ணீர் கொடுக்காமல் செய்தி கேட்டுவிட்டேன். குடியுங்கள். பார்வையாளர்கள் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கொடுக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை."

அவர் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அப்புறம் சுலோச்சனா சொன்னாள், "அண்ணே, அன்புல செஞ்சாலும் அடுத்தவங்க ஓட்டு அடுத்தவங்களோடதுதான். ஆனா இன்னும் ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு. திருத்த முடியிற தப்பைக் கடவுள் தப்புக் கணக்குலயே சேக்க மாட்டார்."

"துடக்கோட வளவுக்குள்ள எப்பிடி வருவினம்?"

"அது கடவுளோட டிபார்ட்மென்ட். அங்கேயே கேட்போம்."

கோயில் ஐயர் பின்னேரப் பூசைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பூவைக் கீழே வைத்தார்.

"மண்டபத்துக்குப் பின்ரோட்டில ஒரு கதவு இருக்குது. சக்கர நாற்காலியில வாறவைக்கெண்டு சாய்தளம் போட்டுத் திறந்து வச்சிருக்கினம். அது கோயில் வாசலில்லை, கோயில் பாதையில்லை. குப்பை வண்டி வாற பாதை."

"ஆனாலும் மண்டபம் பிள்ளையாரின்ர தானே ஐயா?" என்றான் கிளின்ரன்.

"நாளைக்குப் பிள்ளையாரின்ரதான். இண்டைக்குக் கவுன்சில் எடுத்திட்டுது. கோயில் பக்கக் கதவைப் பூட்டித் திரையும் போட்டாச்சு. இரவு வரைக்கும் அந்த இடத்தில பிள்ளையாருக்கே வோட் இல்லை." ஐயர் மீண்டும் பூவை எடுத்தார். "அந்தப் பிள்ளையும் உள்ளுக்கு இருக்கலாம். துடக்குக் கேள்விப்பட்ட நேரத்திலதான் தொடங்கும். அவ இன்னும் கேள்விப்படேல்லை."

ஐந்து மணிக்கு மிஸஸ் மென்சா குழுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். நடந்ததில் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. குடும்பத்தில் நேர்ந்த இறப்பினால் சில வாக்காளர்களை உறவினர் ஒருவர் திருப்பி அனுப்பினார். அவரே இப்போது அவர்களைத் திரும்ப அழைக்கிறார். வேறொரு வாசல் வழியாக அவர்கள் வாக்களிப்பதை நான் நின்று பார்க்கிறேன். வழிபாட்டு இடங்களில் சாவடி வைத்தால் தனி வாசல் வேண்டும் என்று சிபாரிசு செய்கிறேன். மறுமுனை ஏதோ கேட்டது. "இல்லை," என்றார் அவர். "போலீஸ் வேண்டாம். வந்தால் தண்ணீர் போதாது."

இராஜேந்திரன் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் பண்ணினார். பின்ரோட்டால் வாருங்கள்; வாக்கு உங்களுடையது; மறித்தது என் பிழை; அவளிடம் மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்; முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாசகம்தான் வினையாயிற்று. பின்னேரம் முழுக்க அந்தச் சாய்தளத்தில் இரண்டிரண்டு பேராக, பற்பசை விளம்பரத்துக்கு நடிக்க வந்தவர்களைப் போலச் சிரித்துக்கொண்டு ஒரு பரம்பரையே ஏறிப் போனது. ரதீசன் சிரித்த சிரிப்பில் எதிரே வந்த ஒரு குழந்தை அழத் தொடங்கியது. முகுந்தும் அஞ்சலீனாவும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்ரோட்டுக்கு ஓடி வந்து, வருகிற வாக்கெல்லாம் தங்கள் கட்சிக்கே என்று மறுபடி சண்டையைத் தொடங்கினார்கள்.

கடைசி உறவுக்காரரும் போட்டு முடித்தபோது சுலோச்சனா கிளின்ரனைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"சரி, சரி," என்றான் அவன். "வீட்டில வச்சிருந்தா பழுதாப் போயிடும்."

உள்ளே நீண்ட மேசை. அதற்கு அங்கால, தலை வாரிப் பின்னி, நிமிர்ந்த முதுகோடு கனகாம்பிகை. கையில் அடிமட்டமும் பென்சிலும்.

"பேர்?"

"கிளின்ரன் அருள்தாஸ்." லைசென்சை நீட்டினான்.

அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "இதில இருக்கிறது நீங்களோ?"

"நானேதான் அக்கா. அப்ப தலைமயிர் இருந்தது."

அவள் அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு போட்டாள். வாக்குச்சீட்டை எடுத்துக் கொடுக்கிறவர் பக்கத்தில் வேறு பக்கம் திரும்பியிருந்தார். கனகாம்பிகை தலையை நிமிர்த்தவில்லை. பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"தம்பி, வெளியில நிக்கிறவர் ஏதும் சாப்பிட்டவரோ?"

"ஆர் அக்கா?"

"காலமை எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. பின்னேரம் எல்லாரும் பின்கதவால வருகினம். தலை முழுகின ஈரம். வாய் நிறையச் சிரிப்பு. ரதீசன் இப்பிடிச் சிரிச்சு நான் இண்டைக்குத்தான் கண்டன்." அவள் பென்சிலை மேசையில் படுக்க வைத்தாள். "ஆர் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவும் வேண்டாம். வேலை முடிய அவர் சொல்லட்டும். அதுக்காகத்தானே காலமை தொடக்கம் நிக்கிறார். அவருக்கு ஒரு தேத்தண்ணி மட்டும் வாங்கிக் குடுங்கோ. வெறும் வயித்தில நிண்டா அவருக்குத் தலை சுத்தும்."

பின்னால் ஆள் வந்தது. அவள் முதுகை நிமிர்த்தினாள். "அடுத்த ஆள் வாங்கோ. பேர்?"

கிளின்ரன் வாக்குப் போட்டான். அவன் வாழ்க்கையில் பகிடி எதுவும் வராத நிமிஷம் அது ஒன்றுதான்.

வெளியே சுலோச்சனா அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உள்ளுக்கு ஒரு விசயம்..."

"சொல்லாதே. வாக்குச்சாவடிக்குள்ள நடக்கிறது ரகசியம். சட்டம்."

சுலோச்சனாவுக்கு எப்போது தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. மூலைக் கடையில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு முன் கேட்டுக்குப் போனான். அந்தி வெயில் கோயில் கூரையில் பழைய ஆணிகளின் மேல் விழுந்திருந்தது. இராஜேந்திரன் காலையில் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பிடியுங்கோ அண்ணை. சுடச்சுடக் குடியுங்கோ."

அவர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். "நீங்கள் உள்ளுக்குப் போனனீங்கள் எல்லோ. அவள் என்ன மாதிரி இருக்கிறாள்?"

"நிமிர்ந்து இருக்கிறா," என்றான் கிளின்ரன். "என்ர பேரைக் கேட்டவ."

"என்ன மாதிரிக் கேட்டவள்?"

"கவுன்சில்காரர் மாதிரி. என்ர படத்தைப் பார்த்திட்டு இது நீர்தானோ எண்டு சந்தேகப்பட்டவ. எனக்கே கொஞ்சம் பயம் வந்திட்டுது அண்ணை."

அன்றைக்கு முதல்முறையாக இராஜேந்திரனின் முகத்தில், யாரும் வைத்துக்கொள்ளச் சொல்லாத ஒரு சிரிப்பு வந்தது. அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். கிளின்ரன் அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு, கதவு மூடும் நேரம்வரை நின்றான்.